பாதுகாப்பு அனுமதி சுணங்கியதால் பிந்திய பதவியுயர்வுத் திகதி: பெறாமகனுக்கு என்ன வழி?

கிளிநொச்சியில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தங்கையின் மகன் அமெரிக்க இராணுவத்தின் ரிசேர்வ் என்ற பகுதிநேரப் பிரிவில் அதிகாரி. செக்கன்ட் லெப்டினன்டில் இருந்து ஃபெர்ஸ்ட் லெப்டினன்டாக உயர வேண்டிய காலம் வந்தும், செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்ற பாதுகாப்பு அனுமதி இன்னும் வரவில்லை என்று பதவியுயர்வை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் சுணங்கி, கிளியரன்ஸ் வந்தது, பதவியும் வந்தது. ஆனால் பதவியுயர்வுக் கட்டளையில் இருப்பது பிந்திய திகதி. அக்கா கேட்பது மூன்று கேள்விகள். அந்தத் திகதியைத் திருத்த முடியுமா? நாங்கள் வன்னியில் இருப்பதால்தான் பிள்ளைக்கு இந்தச் சுணக்கம் வந்ததா? இங்கிருந்து நாங்கள் என்ன கடதாசி அனுப்ப வேண்டும்?

நான் வவுனியாவில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் இப்படியான கோவைகள் என் மேசைக்கு அடிக்கடி வரும். அமெரிக்க இராணுவத்தின் திருத்தச் சபை தரும் தீர்ப்புகளைப் பெயர்களை நீக்கி இணையத்தில் போடுகிறார்கள். அவற்றையும் தேடிப் படித்து வந்திருக்கிறேன். அந்த அறிவில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா, முதல் கேள்விக்கு ஆம், திருத்த முடியும். ஆனால் கேட்டதும் கொடுத்துவிடுகிற அலுவல் இது இல்லை. ஏன் இல்லை என்பதை உங்கள் பெறாமகன் தம்பி விளங்கிக்கொண்டால்தான் விண்ணப்பத்தைச் சரியாக எழுதுவார்.

எங்கள் ஊரில் ஓர் ஆசிரியருக்குத் தரமுயர்வுக் கடிதம் இரண்டு வருடம் பிந்தி வந்தாலும், தகுதி பெற்ற நாளையே பெரும்பாலும் திகதியாக இட்டு, நிலுவைச் சம்பளத்தையும் அரியர்ஸாகப் போட்டுவிடுவார்கள். கடிதம் பிந்தியது கந்தோரின் பிழை, தகுதி முன்பே வந்துவிட்டது என்பது அங்கே கணக்கு. தம்பியின் விஷயத்தில் வில்லங்கம் என்னவென்றால், கிளியரன்ஸே தகுதியின் ஒரு பகுதி. ரிசேர்வ் அதிகாரி ஒருவர் உயர வேண்டுமென்றால் உரிய காலம் சேவை செய்திருந்தால் மட்டும் போதாது. உடல் தகுதி இருக்க வேண்டும், எடை அளவுக்குள் இருக்க வேண்டும், பாதுகாப்புப் பரிசோதனை சாதகமாக முடிந்திருக்க வேண்டும். ஆகவே கிளியரன்ஸ் வந்த நாளில்தான் தகுதி முழுமையானது, அதற்கு முன் திகதியிட இடமில்லை என்று அலுவலகம் சொல்லும். அந்தப் பதிலில் விதிப்படி பிழை இல்லை. அதனால் “எனக்குத் தகுதி இருந்தது” என்ற வாதம் மட்டும் எடுபடாது. “கிளியரன்ஸ் உரிய நேரத்தில் வந்திருக்க வேண்டும், அது வராமல் போனது என்னால் இல்லை” என்பதைக் காட்ட வேண்டும். விண்ணப்பம் முழுவதும் தாங்கி நிற்பது இந்த ஒரு வசனத்தில்தான்.

சரி, எங்கே கேட்பது? அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 1552 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு படைவீரரின் பதிவில் பிழையைத் திருத்தவோ அநீதியை நீக்கவோ தேவை என்றால், அந்தப் பதிவை மாற்றும் அதிகாரத்தை அது இராணுவச் செயலாளருக்குக் கொடுக்கிறது. அவர் அதைச் சிவிலியன்கள் அமர்ந்திருக்கும் ஒரு சபையின் மூலம் செய்கிறார். அதுதான் இராணுவப் பதிவுகள் திருத்தச் சபை. விண்ணப்பப் படிவத்தின் பெயர் டி.டி. 149. கட்டணம் ஒரு சதமும் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிழை தெரிய வந்த நாளில் இருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிந்தினாலும், நீதிக்கு அது தேவை என்று கண்டால் சபை அந்தக் காலத்தை மன்னிக்கலாம். ஆனால் அந்த மன்னிப்பை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லுங்கள்.

“பிழை”, “அநீதி” இரண்டும் சட்டத்தில் தனித்தனியாகவே நிற்கின்றன. அலுவலர் ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருந்தால் அது பிழை. யாரும் விதியை மீறாமலே ஒரு பிள்ளை தேவையில்லாமல் பின்தள்ளப்பட்டிருந்தால் அது அநீதி என்று வாதிடலாம். தம்பி இரண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

சபைக்குப் போவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. கீழே உள்ள வழிகளை முயன்று பார்க்காமல் நேரே வந்தால் சபை விண்ணப்பத்தைத் திருப்பிவிடும். அதனால் தம்பி முதலில் தன் கட்டளை அதிகாரி வழியாக, கென்டக்கி மாநிலத்தில் ஃபோர்ட் நொக்ஸில் இருக்கும் மனிதவளக் கட்டளையகத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். அதே 10ஆம் தலைப்பின் 741ஆம் பிரிவில், வழமைக்கு மாறான சூழ்நிலையால் பதவியுயர்வுப் பட்டியலைக் கையாள்வதில் யாரும் எண்ணாத தாமதம் ஏற்பட்டிருந்தால் பதவித் திகதியைச் சரிசெய்யலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. தம்பியின் நிலைக்கு அது பொருந்துகிறதா என்பதை அவர்கள் சொல்லட்டும். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்புக் கடிதமே சபைக்குப் போகும் கோவையில் முக்கியமான ஒரு கடதாசி. தொலைபேசியில் “செய்ய முடியாது” என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாமல் மின்னஞ்சலில் வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவர் உடனே பார்க்க வேண்டும். பதவியுயர்வை நிறுத்தும்போது எழுத்தில் அறிவித்தல் ஏதும் கொடுத்தார்களா? ரிசேர்வ் அதிகாரியின் பதவியுயர்வை முறைப்படி தாமதிக்க அதே தலைப்பில் 14311 என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. விசாரணை ஒன்று நடக்கிறது, குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது, தகுதியில் ஐமிச்சம் இருக்கிறது என்றால் அதன் கீழ் நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் சொல்லி, பதில் எழுதவும் இடம் கொடுக்க வேண்டும். பிறகு அந்த ஐமிச்சம் நீங்கிப் பதவியுயர்வு கொடுக்கும்போது, தாமதமே நடக்காதிருந்தால் எந்தத் திகதி கிடைத்திருக்குமோ அதே திகதியையும் சம்பளத்தையும் தருவதுதான் அந்தப் பிரிவின் பொது விதி. தம்பியின் கையில் அப்படி ஓர் அறிவித்தல் இருந்தால் அவருடைய நிலை பலமானது. எதுவுமே எழுத்தில் கொடுக்காமல் “கிளியரன்ஸ் வரட்டும்” என்று வாயால் சொல்லி வைத்திருந்தார்கள் என்றால், அதையும் விண்ணப்பத்தில் நேராகச் சொல்லலாம்.

இனித்தான் முக்கியமான வேலை. கிளியரன்ஸ் போகும் பாதையில் பல கைகள் இருக்கின்றன. அதிகாரி தன் பின்னணி விபரங்களைக் கேட்கும் எஸ்.எஃப். 86 என்ற நீண்ட படிவத்தை நிரப்புகிறார். யூனிட்டில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் அதைச் சரிபார்த்து மேலே அனுப்புகிறார். கைரேகை போகிறது. விசாரணை நடக்கிறது, 2019 ஒக்டோபரில் இருந்து அந்தப் பொறுப்பு பாதுகாப்புத் திணைக்களத்தின் எதிர்ப்புலனாய்வு முகவரகத்திடம் இருக்கிறது, அதற்கு முன் மத்திய ஆளணி அலுவலகம் செய்தது. விசாரணை முடிந்ததும் தீர்மானம் எடுப்பவர் கோவையைப் பார்க்கிறார். அந்தத் தீர்மானத்தைக் கணினியில் பதிகிறார்கள். யூனிட் அதைப் பார்த்துப் பதவியுயர்வுப் பொதியை நகர்த்துகிறது. தாமதம் எந்தக் கையில் நடந்தது என்று தம்பி நாள் நாளாகக் காட்ட வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கற்பனைத் திகதிகளுடன். மார்ச் 3 அன்று படிவத்தை நிரப்பி ஒப்பமிட்டார். கணினி தந்த உறுதிப்பத்திரம் இணைப்பு 1. மார்ச் 20 அன்று கைரேகை கொடுத்தார். பற்றுச்சீட்டு இணைப்பு 2. யூன் மாதம் “என் கோவை எங்கே நிற்கிறது” என்று பாதுகாப்பு அலுவலருக்கு மின்னஞ்சல், பதில் இல்லை, இணைப்பு 3. செப்டெம்பரில் புதிய அலுவலர் வந்து, படிவம் மேலே போகவே இல்லை, கைரேகை காலாவதியாகிவிட்டது, மறுபடி கொடுங்கள் என்று எழுதுகிறார்; இணைப்பு 4. இந்த நான்கு கடதாசிகளே ஆறு மாதம் யாருடைய மேசையில் போனது என்பதைச் சொல்லிவிடும். இதற்குப் பதிலாக “நான் பொறுப்பான அதிகாரி, என் சேவையைப் பாருங்கள்” என்று இரண்டு பக்கம் எழுதினால் சபைக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை. அரச அலுவலர்கள் தங்கள் கடமையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் சபை கோவையைத் திறக்கும். அதைக் கடதாசியால் உடைக்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரியுடையது. சபை பெரும்பாலும் ஆளை நேரில் அழைப்பதும் இல்லை. கோவையில் இல்லாதது அவர்களுக்குத் தெரியாது.

அந்த நேரத்துப் பாதுகாப்பு அலுவலரோ கட்டளை அதிகாரியோ “இந்தத் தாமதம் எங்கள் பக்கம் நடந்தது, இந்த அதிகாரியின் பிழை அல்ல” என்று ஒரு கடிதம் தந்தால், அதற்கு ஈடான சாட்சி வேறில்லை. அவர்கள் இடம்மாறிப் போயிருந்தாலும் தேடிப் பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள். மனிதர்கள் பலர் மனமுவந்து எழுதித் தருவார்கள். இடைக்கால அனுமதி ஏதும் நடுவில் கிடைத்திருந்தால் அந்தப் பதிவையும் சேர்க்க வேண்டும்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தம்பியே படிவத்தை நான்கு மாதம் நிரப்பாமல் வைத்திருந்தார் என்றால், அல்லது கேட்ட விளக்கத்துக்குப் பதில் கொடுக்கச் சுணங்கினார் என்றால், அந்த மாதங்களைக் கேட்காமல் விடுவதுதான் நேர்மையும் புத்தியும். மீதி மாதங்களுக்குத் திகதி கேட்கலாம். சுணக்கம் முழுவதும் விசாரணை வரிசையின் நீளத்தால் வந்தது என்றால் அலுவல் கடினம். 2018இல் அந்த வரிசையில் 7 இலட்சத்து 25 ஆயிரம் கோவைகள் வரை தேங்கி நின்றன. எல்லோரும்தான் காத்திருந்தார்கள், இவருக்கு மட்டும் என்ன அநீதி என்று சபை கேட்கக்கூடும். இப்படியான விண்ணப்பங்களில் இரண்டு விதமான தீர்ப்புகளும் உண்டு. தன்னுடைய நிலைக்குக் கிட்ட வருகிற சாதகமான தீர்ப்பு ஒன்றைத் தேடி எடுத்துக் குறிப்பிட்டால் உதவும்.

என்ன கேட்கிறோம் என்பதையும் பிசகில்லாமல் எழுத வேண்டும். பதவியுயர்வுக் கட்டளையில் இரண்டு திகதிகள் இருக்கும். ஒன்று பதவித் திகதி. மூப்பும் அடுத்த பதவிக்கான காலக் கணக்கும் அதில் இருந்துதான் ஓடும். மற்றது நடைமுறைக்கு வரும் திகதி. சம்பளம் அதில் இருந்து. ஒன்றை மட்டும் கேட்டால் ஒன்று மட்டுமே கிடைக்கும். ஆகவே இரண்டையும் பெயர் சொல்லி, எந்த நாளுக்கு மாற்ற வேண்டும் என்று நாளையும் சொல்லி, வித்தியாசச் சம்பளத்தையும் கேட்க வேண்டும். மாதத்தில் ஒரு வார இறுதியும் வருடத்தில் இரண்டு கிழமையும் போகிற ரிசேர்வ் அதிகாரிக்கு அந்தப் பணம் பெரிய தொகையாக இருக்காது. என் பார்வையில் திகதிதான் பெறுமதி. கப்டன் பதவிக்கான தெரிவுச் சபைக்கு முன் அவர் எப்போது வருகிறார் என்பதை அந்தத் திகதி தீர்மானிக்கிறது. பிந்திய திகதியால் ஏற்கெனவே ஒரு தெரிவுச் சபையைத் தவறவிட்டிருந்தால், திருத்தம் கிடைத்த கையோடு விசேட தெரிவுச் சபை ஒன்றையும் கேட்கலாம்; ரிசேர்வ் அதிகாரிகளுக்கு அதற்கான பிரிவு 14502.

இனி அக்காவின் இரண்டாவது கேள்வி. இதைக் கேட்கும்போது உங்கள் மனம் எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. வன்னியில் இருக்கிற உறவுகள் பிள்ளைக்குப் பாரமாகிவிட்டோமோ என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் நெருங்கிய உறவுகள் இருப்பது விசாரணையை நீட்டக்கூடும், அது உண்மை. எஸ்.எஃப். 86 பெற்றோர், சகோதரர், மனைவியின் பெற்றோர் எல்லோரையும் பிறந்த இடத்தோடும் முகவரியோடும் கேட்கிறது. நெருக்கமாகத் தொடர்பில் இருக்கும் மற்ற வெளிநாட்டவர்களையும் கேட்கிறது. வாரம்தோறும் வைபரில் கதைக்கிற பெரியம்மா அதற்குள் வரலாம். ஆனால் உறவு இருப்பது குற்றம் அல்ல, அதை ஒருவரும் அப்படிப் பார்ப்பதும் இல்லை. கிளியரன்ஸ் வந்துவிட்டதே, அதுவே பதில். உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வன்னிக் குடும்பங்களுக்கென்று வருகிற சிக்கல்கள் வேறு. முதலாவது பெயர். பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ஒரு சொல். தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் வந்துவிடும். அமெரிக்க விசாவில் சிலருக்கு முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்து விழுந்திருக்கும். முதற்பெயர் தெரியாது என்பதற்கான குறி அது. குடியுரிமை எடுக்கும்போது இன்னொரு வடிவம். ஒரே ஆளுக்கு நான்கு கடதாசியில் நான்கு பெயர் இருந்தால் விசாரிப்பவர் நிற்பார்தானே. அதோடு, 2009இல் இடம்பெயர்ந்து வந்தபோது பத்திரங்களை எல்லாம் விட்டு வந்த குடும்பங்களில் பிறகு எடுத்த பிரதிகளில் திகதியோ எழுத்தோ மாறியிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சிலருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கும்.

இரண்டாவது காணி. எஸ்.எஃப். 86 வெளிநாட்டில் காணி வீடு எப்போதாவது இருந்ததா என்று மட்டும் கேட்பதில்லை, இனி வரும் என்று எதிர்பார்க்கிறீர்களா என்றும் கேட்கிறது. இங்கே பெரும்பாலான வயலும் குடியிருப்பும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. எனக்குப் பிறகு இவருக்கு என்று ஒரு பெயரைப் பதிந்து வைக்கிற வழக்கம் உண்டு. இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கருக்குத் தாத்தா பேரனின் பெயரைப் பதிந்துவிட்டுப் பேரனுக்குச் சொல்லவே இல்லை என்றால், பேரன் படிவத்தில் “இல்லை” என்றுதான் போட்டிருப்பான். பிறகு தெரிய வந்தால் விளக்கம் கேட்பார்கள். வெளிநாட்டவருக்குப் பண உதவி செய்ததுண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. அம்மம்மாவுக்கு மாதம் அனுப்புகிற காசும் அதற்குள் அடங்கும்.

மூன்றாவது, இயக்கம். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 ஒக்டோபர் 8 அன்று தடைப் பட்டியலில் சேர்த்தது. குடும்பத்தில் ஒருவர் இயக்கத்தில் இருந்திருந்தால், விசாரிப்பவர் கேட்கிற இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிய வந்தால், அந்த உறவைவிட மறைத்ததே பெரிய காரணமாகிவிடும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கிளியரன்ஸ் வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் தம்பி கதைப்பது நல்லது.

திகதித் திருத்த விண்ணப்பத்துக்கு இவை எதற்கு என்று கேட்கலாம். சுணக்கம் பெயர் வித்தியாசத்தால் வந்திருந்தால், அந்தச் சரியான பத்திரத்தைத் தம்பி முதல் நாளே கொடுத்திருந்தார் என்று காட்டுவது வழக்கின் உயிர்நாடி. அப்படியில்லாமல் யூனிட்டின் மேசையில் நடந்த சுணக்கம் என்றால், வன்னியில் இருந்து எந்தக் கடதாசியும் தேவைப்படாது.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தம்பி கேட்காமல் ஒன்றும் அனுப்ப வேண்டாம். குறிப்பாக, கிராம சேவகரிடமோ சுவாமியிடமோ பாராளுமன்ற உறுப்பினரிடமோ நற்சான்றுக் கடிதம் எடுக்க ஓட வேண்டாம். அவை இந்த விண்ணப்பத்தில் எதையும் நிரூபிக்காது. அவர் கேட்டால், தம்பியினதும் தங்கையினதும் பிறப்பு அத்தாட்சிப்பத்திரங்களின் புதிய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். கையில் இருக்கும் பழைய பிரதியையும் எறியாமல் சேர்த்து வையுங்கள். இரண்டிலும் எழுத்து மாறியிருந்தால் எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று ஒரு துண்டில் குறித்து அனுப்புங்கள். மொழிபெயர்ப்பவரிடம் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி “திருத்தி” எழுதும்படி கேட்க வேண்டாம். பத்திரத்தில் உள்ளது உள்ளபடியேதான் மொழிபெயர்ப்பில் வர வேண்டும், நான் அப்படித்தான் செய்வேன். டி.டி. 149இல் ஒப்பமிடும்போது உண்மை என்று தெரிந்தே உறுதி சொல்கிறார். பொய்யான இணைப்பு ஒன்று சேர்ந்தால் தண்டனை பிள்ளைக்கு.

விண்ணப்பம் போன பிறகு காத்திருக்க வேண்டிவரும். பெரும்பாலான விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள் முடிக்க வேண்டும், எதுவும் பதினெட்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சபைக்குச் சொல்கிறது. நடுவில் மனிதவளக் கட்டளையகத்தின் கருத்தைச் சபை கேட்டு வாங்கினால் அதன் பிரதி தம்பிக்கு வரும். அதில் பாதகமாக எழுதியிருந்தால் கவலைப்பட்டுக்கொண்டு இருக்காமல், கடிதத்தில் சொன்ன நாளுக்குள் வரிக்கு வரி பதில் எழுத வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் மௌனமாக இருந்து தோற்கிறார்கள்.

சபை மறுத்தாலும், முன்பு வைக்காத புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால், சம்பளக் கோரிக்கை இருப்பவர்களுக்கு ஆறு வருடக் கால எல்லையோடு வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சிக் கோரிக்கைகள் நீதிமன்றம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் செலவு வரும். ஃபெர்ஸ்ட் லெப்டினன்ட் ஒருவரின் ஒரு வருட வித்தியாசச் சம்பளத்துக்காக அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன் அந்தப் பழைய பாதுகாப்பு அலுவலரை இன்னொரு முறை தேடச் சொல்லுவேன்.